எதிர் ஃபிளாட் காலி என்று எழுதினேன்

புதிதாக இசை விமரிசனம் எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தை எத்தனை தடவை கேட்க வேண்டும், எத்தனை நட்சத்திரம் போடலாம், முதல் வரியை எப்படித் தொடங்குவது என்றெல்லாம் கேட்டு எனக்கு மெயில் அனுப்பாதீர்கள். அதெல்லாம் இந்த வேலையில் ஆறு மாதம் உட்கார்ந்தால் தன்னால் வந்துவிடும். வராதவர்களுக்கு நான் சொல்லியும் வராது. முப்பத்திரண்டு வருஷம் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நகரப் பக்கத்தில் கச்சேரி, கானமேளா, கல்லூரி ராக் பாண்டு என்று எழுதித்தான் சோறு தின்றேன். அத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பாராட்டிய கட்டுரை எது தெரியுமா? முழுக்க முழுக்கத் தப்பான ஒரு கட்டுரை. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கலாம், பரவாயில்லை. நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்கைச் சுற்றி வாடகை ஃபிளாட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் நான்கு சாப்ட்வேர் பையன்கள் சேர்ந்து ஒரு பாண்டு தொடங்கினார்கள். பெயரும் ‘எட்டாம் மாடி’தான். கம்ப்யூட்டரில் அடுக்கிய நடனத் தாளம், அதன்மேல் முரட்டு ராக் கிதார், நடுவில் ஜிதின் என்கிற பையனின் கரகரத்த குரல். முதல் ஆல்பம் வந்தபோது ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. எனக்கு முட்டி வலி.

இரண்டாவது ஆல்பம் வந்தபோது நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. ஆல்பத்தின் பெயர் ‘எதிர் ஃபிளாட்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திறந்தவெளி அரங்கில் நிகழ்ச்சி நடத்தி, அன்றைக்கே ஆல்பத்தையும் வெளியிடுவதாகத் திட்டம். அதற்கு இரண்டரை வாரம் முன்பே எங்களைப் போன்ற விமரிசகர்களுக்கு மட்டும் கேட்பதற்கு இணைப்பு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு பத்திரிகைக் குறிப்பும் வந்தது. பத்திரிகைக் குறிப்பைப் படித்துவிட்டுப் பாட்டுக் கேட்பவன் சோம்பேறி என்பது என் கொள்கை. வருகிற ஜூனியர்களிடமெல்லாம் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். அதனால் அந்தக் குறிப்பை நான் திறக்கவே இல்லை.

இங்கே எங்கள் டெஸ்க் பழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சீஃப் சப் எடிட்டர் இருந்தார். கூப்பிட்ட முதல் குரலுக்குத் திரும்பிப் பார்க்காதவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். பேட்டி எடுத்த டேப்பைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் எங்கள் ஆபீசில் யாருமே ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட மாட்டோம். இடது காதில் ஒரு பக்கம் இருக்கும். வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். இடது காது டேப்புக்கு, வலது காது டெஸ்க்குக்கும் டெலிபோனுக்கும். அந்த சீஃப் சப் போய்ச் சேர்ந்து வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. டேப்பும் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. யாராவது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ‘துரை வீட்டில் இருக்கிறதா நினைப்போ?’ என்று கிண்டல் செய்கிற முதல் ஆள் நான்தான்.

அப்படித்தான் ‘எதிர் ஃபிளாட்’டையும் கேட்டேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

சத்தியமாகச் சொல்கிறேன், அசந்துபோனேன். தாளம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஜிதின் ஜன்னலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்து மலையாளத்தில் இரண்டு வரி பாடுகிறான். ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா, உன் வீட்டு விளக்கு ஏன் எரியவில்லை’ என்கிற மாதிரி சாதாரணக் கேள்விகள். பாடி முடித்ததும் அவன் குரல் நின்றுவிடுகிறது. கிதாரும் அடங்கிவிடுகிறது. தாளம் மட்டும் தனியாக நாலு சுற்று நடக்கிறது. மறுபடி அவன் கேட்கிறான். மறுபடி வெறும் தாளம். ஆல்பம் முழுக்க இப்படித்தான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு இடம் காலியாக இருந்தால் பொறுக்காது, எதையாவது கொண்டுவந்து அடைத்துவிடுவார்கள். இவர்கள் இப்படித் திறந்துபோட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். உடம்பு புல்லரித்துப்போய் உட்கார்ந்து எழுதினேன்.

‘எதிர் ஃபிளாட் காலி. அவன் கேட்கிறான், கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து மாடிக்கு எழும்பி நிற்கும் நம் புதிய தனிமைக்கு இதைவிடத் துணிச்சலான இசை இதுவரை வந்ததில்லை. இந்த மௌனத்துக்காகவே இந்த ஆல்பம் நிலைக்கும்.’

எப்படி இருக்கிறது? நன்றாகத்தான் இருக்கிறது! அதுதான் வினையே. நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை பக்கம் வந்த அன்று காலையிலிருந்து போன் நிற்கவில்லை. பத்து வருஷமாகப் பேசாத ஆட்களெல்லாம் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அடுத்த மூன்று நாளில் ஊரில் மற்ற மூன்று விமரிசனங்களும் வந்தன. மூன்றிலும் ‘மௌனம்’. மூன்றிலும் ‘காலி ஃபிளாட்’. ஒருவர் ‘பதிலற்ற நகரம்’ என்று தலைப்பே போட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வு பெறும்போது இப்படி ஒன்றை எழுதிவிட்டுப் போகிறோமே என்று வீட்டில் பெண்டாட்டியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். இரண்டாவது தடவை அவள் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

மறு வாரம் புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கீழே ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண் வந்திருக்கிறாள், ‘எட்டாம் மாடி’யிலிருந்து என்றார்கள். நன்றி சொல்ல வந்திருப்பார்கள், அதற்கு யாரோ அலுவலகப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே வரச் சொன்னேன்.

இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். காயத்ரி என்று பெயர் சொன்னாள். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துப் பெண் என்பது பேச ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“சார், நான் சண்டை போட வரல்லே. ஒண்ணே ஒண்ணு தெரியணும், அவ்வளவுதான். என் குரல் அத்தனை மோசமா இருந்துதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஒனக்க குரலா? எந்தக் குரல்ம்மா?”

அவள் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. “இப்படிக் கேலி பண்ணாதேங்கோ சார். நன்னா இல்லேன்னா நன்னா இல்லேன்னு எழுதியிருக்கலாம் அல்லே? நான் ஒண்ணும் குழந்தை இல்லே. திட்டினா மனசு கஷ்டப்படுமேன்னு ஆளே இல்லாத மாதிரி எழுதிட்டேளே, அதுதான் தாங்க முடியல்லே. ஒன்பது பாட்டு பாடியிருக்கேன் சார்.”

“ஏம்மா, நான் நாலு வட்டம் கேட்டாச்சு. அந்தப் பயலுக்க குரல் மட்டுந்தான் உண்டு அதிலே. பொம்பளைக் குரலே கெடையாது. வேணும்னா இப்பமே கேக்கலாம், பாரு” என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் முதல் பாட்டைப் போட்டேன். ஹெட்போனை எடுத்து, எப்போதும் போல மாட்டினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டி, என் வலது காதுக்குப் பின்னால் கிடந்த பக்கத்தை இழுத்துக் காதின்மேல் வைத்தாள்.

ஜிதின் கேட்டு முடித்தான். கிதார் அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவ்வளவு தெளிவாக, என் வலது காதுக்குள், ஒரு பெண் தமிழில் பதில் சொன்னாள். ‘சாப்பிட்டேன், தூக்கந்தான் வரவில்லை, விளக்கை அணைத்துவிட்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றாள். அக்ரஹாரத்து வீட்டுப் பேச்சு அப்படியே நடனத் தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குரலில் ஒரு குறும்பு, அடியில் ஒரு நடுக்கம். நான் நான்கு தடவை சிலாகித்துக் கேட்ட அந்த மௌனத்தில் அத்தனையும் இருந்தது. அவனை இடப் பக்கத்திலும் இவளை வலப் பக்கத்திலும் நிறுத்தி, இரண்டு ஜன்னலுக்கு நடுவில் கேட்கிறவனை உட்கார வைத்துச் செய்த ஆல்பம் அது. நான் ஒரு ஜன்னலை என் கையாலேயே சாத்திவிட்டு, எதிரில் ஆளில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்!

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்திரிகைக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது: குரல், தமிழ் வரிகள், காயத்ரி.

“மன்னிச்சிரும்மா” என்றேன். வேறென்ன சொல்ல?

அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் நான் செய்த காரியத்தின் அளவு எனக்குத் தெரிந்தது. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் பாட்டைக் கேட்டாரோ என்னவோ, விமரிசனங்களை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறார். மேடையில் இரண்டு பெரிய ஜன்னல் செய்யச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் வெளிச்சம், அதில் ஜிதின். இன்னொன்று நிகழ்ச்சி முழுக்க இருட்டு. ‘ஜனங்க அந்தக் காலி ஜன்னலைப் பார்க்கத்தான் வரப் போறா’ என்று சொல்லிவிட்டாராம். அது போதாதென்று, ஆல்பத்தையும் அப்படியே வெளியிட்டால் என்ன என்று பேச்சு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அவள் குரல் மட்டும் தனி டிராக்காக இருக்கிறது. அதை அணைக்க ஒரு நிமிஷம் போதும். சனிக்கிழமை மதியம் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

“ஜிதின் என்ன சொல்லுதான்?” என்று கேட்டேன்.

“அவன் பாவம் சார். முதல்ல ரொம்ப சண்டை போட்டான். அப்பறம் நாலு ரிவ்யூவும் ஒரே மாதிரி வந்துடுத்து அல்லே? ‘ஒருவேளை இல்லாம இருக்கறதுதான் நன்னா இருக்கோ’ன்னு அவனுக்கே சந்தேகம் வந்துடுத்து. எனக்கும் வந்துடுத்து, பின்னே எதுக்கு மறைக்கணும்? இதுக்காக ஐ.டி. கம்பெனியில டெஸ்டிங் வேலையை விட்டேன். ஆத்துல அம்மா தினம் ஒரு ரிவ்யூவை எடுத்து வெச்சிண்டு, ‘இதுல நீ எங்கேடி இருக்கே? நெஜமாவே பாடினாயா, இல்லே எங்கிட்ட பொய் சொல்லிண்டு திரியறயா?’ன்னு கேக்கறா.”

அழவில்லை அவள். அதைச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தயவு செய்து எழுதுங்கள் என்றும் கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் அப்போது வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

மற்ற மூன்று பேர் எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு பேரை விடுங்கள், அவர்கள் என்னைப் படித்துத்தான் எழுதுவார்கள். பல வருஷப் பழக்கம். மூன்றாவது ஆள் மணிகண்டன். கரமனைக்காரன், என்னிடம் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஓர் இணையப் பத்திரிகைக்குப் போனவன், நல்ல காது. அவனைக் கூப்பிட்டேன்.

“அந்தப் பொண்ணுக்க குரல் ஒனக்குக் கேட்டுதாடே?”

முதலில் ஆல்பத்தின் கிதாரைப் பற்றி ஏதோ சொன்னான். அப்புறம், “கேட்டுது சார். நல்லாவே கேட்டுது. அவளைப் பத்தி ரெண்டு பாரா எழுதவும் செய்தேன்” என்றான்.

“பிறவு?”

“சாருக்க ரிவ்யூ வந்துதில்லியா? சார் காலின்னு எழுதியிருக்கு. நான் அங்க ஆள் உண்டுன்னு எழுதினா... எனக்குத்தான் ஏதோ விளங்கல்லைன்னு நெனச்சேன். வெட்டிட்டேன் சார்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “கேட்ட காது ஒனக்கதுதானே, எனக்கதா?” என்று கத்திவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவனைப் போன்ற பையன்கள் முன்னால் அப்படி ஒரு ஆளாக முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான்தானே என்று. இதைப் படிக்கிற பிள்ளைகளே, இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் செய்தது கவனக்குறைவு. அவன் செய்தது, காதில் கேட்டதைப் பெரியவர் ஒருவருக்குப் பயந்து கேட்கவில்லை என்று சொன்னது. எது பெரிய தப்பு என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு பாராவை என் பெயரைப் பார்த்து வெட்டினால், நான் உயிரோடு இருக்கிறவரை தேடி வந்து திட்டுவேன். மணிகண்டன் இப்போது நன்றாக எழுதுகிறான். சென்ற மாதம் என் பழைய விமரிசனம் ஒன்றையே மறுத்து எழுதியிருந்தான். படித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பான எடிட்டர் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். நெடுமங்காட்டுப் பெண்மணி, என்னிடம் பேசுவதற்கென்றே ஒரு தமிழ் வைத்திருப்பார், முக்கால்வாசி மலையாளம். இந்தத் தொழிலில் எனக்கு யார் குரு என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன், அந்த ஒரு மத்தியானத்துக்காக. அவர் அறைக்குப் போய், விஷயத்தைச் சொல்லி, மூன்றாம் பக்கத்தில் ‘திருத்தம்’ போடுகிற பெட்டியில் நாலு வரி எழுதிவிடலாமா என்று கேட்டேன். ‘பாடகர் காயத்ரியின் பெயர் விடுபட்டது, வருந்துகிறோம்.’ அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் எவனுக்குத்தான் மூக்கை உடைத்துக்கொள்ள ஆசை?

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சாரே, பேரா விட்டுப் போச்சு? ஆளல்லே விட்டுப் போச்சு! மூணாம் பேஜில நாலு லைன் யார் வாசிக்கும்? அது நடக்காது கேட்டோ. கழிஞ்ச வாரம் எந்த இடத்தில, எத்தனை பெரிசா வந்ததோ, அதே இடம், அதே வலுப்பம். சார் முதல்லேர்ந்து கேட்டு, முதல்லேர்ந்து எழுதணும்.”

“எல்லாரும் சிரிப்பாங்க மேடம்.”

“சிரிக்கும். ரெண்டு நாள் சிரிக்கும். அந்தப் பெண்குட்டிக்கு ஞாயிறு மேடை போனா போச்சு.”

இன்னொன்றும் கேட்டேன். ஏற்பாட்டாளர் எனக்குத் தெரிந்தவர்தான். ஒரு போன் போட்டு, அந்தப் பெண்ணை மேடையில் ஏற்றுங்கள் என்று சொல்லட்டுமா என்றேன். எடிட்டர் மறுத்துத் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

“வேண்டாம். சார் போன் பண்ணினா அது சிபாரிசு. பின்னே சார் என்ன எழுதினாலும் அதுவும் சிபாரிசு. என்ன கேட்டதோ அது மட்டும் எழுதணும். குறை உண்டெங்கில் குறையும் எழுதணும். பாவம் பார்த்து எழுதினா அது இன்னொரு பொய், கேட்டோ.”

வியாழக்கிழமை மதியம் எங்கள் பக்கம் அச்சுக்குப் போய்விடும். புதன் மத்தியானம் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். டெஸ்க்கில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு தோளைத் தட்டிக் கூப்பிட்டார்கள். கையைக் காட்டி விரட்டிவிட்டேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றி இப்போது முறையாகச் சொல்கிறேன். இரண்டாவது பாட்டில் இடப் பக்கம் கல்லாற்றுத் தண்ணீர் பாறையில் மோதுகிற சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நான் முன்பே கேட்டிருந்தேன். வலப் பக்கத்தில் பொன்முடி மலைக்கு ஏறுகிற பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஹாரனையே தாளமாக்கிப் பையன்கள் கிதாரை அதோடு மோதவிட்டிருந்தார்கள். அவள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து, ‘அடுத்த வளைவில் இறங்கிவிடுவேன், அடுத்த வளைவில் இறங்கிவிடுவேன்’ என்று அவனை மிரட்டிக்கொண்டே உச்சி வரைக்கும் போய்விடுகிறாள். ஆறாவது பாட்டில் அவன் மலையாளத்தில் கோபித்துக்கொள்ள, இவள் தமிழில் கோபித்துக்கொள்ள, இரண்டு பேர் பாஷையும் கலந்து கடைசியில் யார் எந்தப் பாஷை பேசுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடுகிறது. நம் ஊர்க்காரர்கள் வீட்டில் சண்டை போடுவது அப்படித்தான். அதை நடனப் பாட்டாக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், டெஸ்க்கில் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான்காவது பாட்டில்தான் சிக்கல் வந்தது. ஒன்பது பாட்டில் எட்டை அவள் தூக்கி நிறுத்தியிருந்தாள். நான்காவதில் மேலே போகிற இடத்தில் குரல் நிற்கவில்லை. சுருதி கீழே இறங்குகிறது, மூச்சு முட்டுகிறது, இரண்டாவது சரணம் முழுக்க அப்படித்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டேன். என் காதில்தான் கோளாறோ என்று இடதையும் வலதையும் மாற்றி மாட்டிக் கூடப் பார்த்தேன். கோளாறு பாட்டில்தான்.

இதை எழுதுவதா? அந்தப் பெண் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அவளை ஏற்கெனவே ஒரு தடவை நான் அழித்தாகிவிட்டது. இப்போது திருத்தி எழுதுகிற கட்டுரையிலும் ‘இங்கே சுருதி விலகுகிறது’ என்று எழுதினால், ஏற்பாட்டாளர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, பெரியவரே சொல்கிறார் என்று அவளை ஒரேயடியாக இறக்கிவிட மாட்டாரா? எழுதாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் நஷ்டம் இல்லை. வியாழன் காலை பதினொன்றரை வரை அந்த வரியை எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கடைசியில் எடிட்டர் சொன்னது காதில் நின்றது. எழுதிவிட்டேன். ‘நான்காவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் காயத்ரியின் குரல் மேல் ஸ்தாயியில் தளர்கிறது, அதை மறுபடி பாடி ஒலிப்பதிவு செய்திருக்க வேண்டும்.’

கட்டுரையின் முதல் வரி இது: ‘சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் இந்த ஆல்பத்தின் பாதியை மட்டும் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்கும் விமரிசனம் எழுதினேன்.’ ஹெட்போன் விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். எடிட்டர் ஒரு வார்த்தை வெட்டவில்லை. நான்காவது பாட்டைப் பற்றிய வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நந்நாயி, நல்லா வந்திருக்கு” என்றார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஊர் சிரித்த சிரிப்பை நான் ஏன் வர்ணிக்க வேண்டும்? என் படத்தைப் போட்டு, ஒரு காதை மட்டும் வெட்டி எடுத்து, என்னென்னவோ எழுதி அனுப்பிக்கொண்டார்கள். டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் என் இடப் பக்கமாக வந்து நின்றுகொண்டு, “சாரே, இப்ப கேக்குமா?” என்றார். நானும் சிரித்துவைத்தேன். என் கவலையெல்லாம் வேறு. ஜிதினிடமிருந்து போன் இல்லை. ஏற்பாட்டாளரிடமிருந்து போன் இல்லை. அந்த நான்காவது பாட்டு வரி மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எழுதியிருக்க வேண்டாமோ, எழுதியிருக்க வேண்டாமோ என்று நாள் முழுக்க அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காயத்ரி கூப்பிட்டாள்.

“சார், நாளைக்கு ரெண்டு ஜன்னல்லேயும் வெளிச்சம்” என்றாள்.

ஜிதின் வெள்ளிக்கிழமை பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே ஏற்பாட்டாளரிடம் போயிருக்கிறான். இவள் இல்லையென்றால் நிகழ்ச்சியும் இல்லை, ஆல்பமும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ‘நானே என் பாட்டை மத்தவா சொல்லித்தான் கேட்டேன், மன்னிச்சுடு’ என்று இவளிடமும் சொன்னானாம். நான் மூச்சுவிட்டது அவளுக்குப் போனில் கேட்டிருக்கும்.

“அந்த நாலாவது பாட்டு...” என்று நானே இழுத்தேன்.

“அதைப் பத்தித்தான் சார் சொல்லணும். அதை ரெகார்ட் பண்ணின அன்னிக்கு எனக்கு நூத்திரெண்டு ஜுரம். பாடவே முடியல்லே. பாண்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன், மறுபடி பாடறேன்னு. ‘நன்னாத்தான் இருக்கு, யாருக்குத் தெரியப் போறது’ன்னுட்டா. நேத்து ராத்திரி மறுபடி பாடி முடிச்சாச்சு.”

“அது நல்லதாப் போச்சும்மா. நான் எழுதினது ஒனக்கு மனசுக்கு வெசனமாயிட்டோன்னு...”

“வெசனமா? சார், அம்மா நேத்து காலம்பற பேப்பரை எடுத்துண்டு உட்கார்ந்தா. நீங்க என்னைப் புகழ்ந்து அத்தனை எழுதியிருக்கேள், அதையெல்லாம் வாசிச்சா, ஒரு வார்த்தை பேசல்லே. புகழறதுக்கு என்ன, யார் வேணும்னாலும் புகழலாம்னு நெனச்சாளோ என்னமோ. நாலாவது பாட்டு வரிக்கு வந்தாளோ இல்லையோ, கண்ணாடியைக் கழட்டினா. ‘அந்த ஜுரத்தோட போனியே, அன்னிக்கா? அப்ப நீ நெஜமாவேதான் பாடியிருக்கேடி’ன்னு என்னைக் கட்டிண்டு அழறா சார். வீடு முழுக்க அந்த ஒரு வரியைத்தான் எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டிண்டு திரியறா.”